20 பைட் கோப்பும் ஷெல்செக்கும்: ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

டிஸ்க்கில் இருந்த பேக்கப் கோப்பு ஒவ்வொன்றும் 20 பைட் இருந்தது. தேதி சரியாக இருந்தது, பெயர் சரியாக இருந்தது, வரிசையாக ஒரு நாள்கூட விடாமல் இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

2024 டிசம்பர் முதல் வாரம் அது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரைச் சுற்றி நிறைய இடங்கள் தண்ணீரில் நின்றன. எங்கள் அலுவலகம் லாரன்ஸ் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. மொத்த மருந்து வியாபாரம். மாடியில் இருப்பதால் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் கரன்ட் வந்து வந்து போனதில் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

“பேக்கப் இருக்காம்மா?” என்று முதலாளி கேட்டார்.

“தினமும் ராத்திரி எடுக்குது சார். முடிஞ்சதும் மெயில்கூட வருது” என்று தைரியமாகச் சொல்லிவிட்டுத்தான் வெளி டிஸ்க்கைச் செருகினேன்.

தீபாவளிக்கு முன்னால் பென் டிரைவில் கையால் எடுத்து வைத்த ஒரு நகல் மட்டும் நல்லபடியாக இருந்தது. அதற்குப் பிறகு போட்ட பில்களை எல்லாம் கார்பன் பிரதியைப் பார்த்து நான்கு பேர் 11 நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். மருந்து வியாபாரத்தில் தொகையை மட்டும் ஏற்றினால் போதாது. பேட்ச் எண், காலாவதி மாதம், எந்தக் கடைக்கு எத்தனை ஸ்ட்ரிப் போனது என்று எல்லாம் இருக்க வேண்டும். ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொன்னால் அந்தக் கணக்கை வைத்துத்தான் தேட முடியும். அந்த 11 நாளும் பில் போடும் அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்தப் பேக்கப்பை எடுக்கும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பை, எழுதியவள் நான்.

அதற்குப் பிறகுதான், ஸ்கிரிப்டில் குறை கண்டுபிடிக்கும் ஷெல்செக் எனக்கு அறிமுகமானது. அன்றிலிருந்து என் ஒன்பது ஸ்கிரிப்டும் அதன் வழியாகத்தான் போகின்றன. நான் பி.காம். படித்தவள். பில் போட வந்த இடத்தில் லினக்ஸ் சர்வரும் என் பொறுப்பானது. என்னைப் போல, வேலைக்கு நடுவில் தானே கற்றுக்கொண்டு ஸ்கிரிப்ட் எழுதும் ஆட்கள் கடை, பள்ளிக்கூடம், அச்சகம், ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 20 பைட் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் பேக்கப் வரியில் இரண்டு கட்டளைகள் ஒரு பைப்பால், அதாவது முதல் கட்டளை தருவதை அடுத்ததுக்குக் கொண்டுபோகும் குறியால், இணைந்திருந்தன. மைஎஸ்க்யூஎல் டம்ப் தரவை எடுத்துத் தரும். ஜி-ஜிப் அதைச் சுருக்கிக் கோப்பில் எழுதும். நவம்பர் இரண்டாம் வாரம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறியது. ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்டு அப்படியே கிடந்தது. டம்ப் அன்றிரவிலிருந்து உள்ளே போக முடியாமல் தோற்றுக்கொண்டிருந்தது. ஜி-ஜிப்புக்கு அதெல்லாம் தெரியாது. அதன் கைக்கு ஒரு எழுத்துகூட வராவிட்டாலும், ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கி 20 பைட் கோப்பாக எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். பைப்பில் கடைசியில் நிற்கும் கட்டளை சொல்வதைத்தான், கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் கேட்கும். அதனால் என் ஸ்கிரிப்ட் தினமும் “பேக்கப் முடிந்தது” என்று மெயில் அனுப்பியது. அதோடு நிற்காமல் 14 நாளுக்கு மேலான பழைய கோப்புகளை அழிக்கவும் செய்தது. நல்ல நகல்கள் எல்லாம் அப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயின. டம்ப் கத்திய பிழைச் செய்தியையாவது யாராவது பார்த்திருக்கலாம். திரையில் குப்பை விழக்கூடாது என்று அதையும் டெவ்-நல்லுக்கு, அதாவது போட்டதை எல்லாம் விழுங்கிவிடும் லினக்ஸின் குப்பைத் தொட்டிக்கு, தள்ளிவிட்டிருந்தேன்.

பொங்கலுக்கு என் அக்கா பையன் வந்திருந்தான். புதுச்சேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். ஸ்கிரிப்டைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தான்.

“சித்தி, இத ஷெல்செக்ல ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. நான் சொல்றதவிட அது நல்லா சொல்லும்.”

ஷெல்செக் என்பது ஷெல் ஸ்கிரிப்டை இயக்காமல், படித்துப் பார்த்தே குறை சொல்லும் ஒரு கருவி. விடார் ஹோலன் என்பவர் ஹாஸ்கெல் மொழியில் எழுதியது. இலவசம். ஜிபிஎல் 3 உரிமத்தில் வரும் கட்டற்ற மென்பொருள். உபுண்டுவில், டெபியனில் “சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஷெல்செக்” என்று ஒரு வரி போட்டால் வந்துவிடும். எங்கள் உபுண்டு 22.04இல் வந்தது 0.8.0 பதிப்பு. பாஷ், டாஷ், கார்ன் ஷெல், பொதுவான எஸ்எச் ஆகிய ஷெல் வகைகளுக்கு வேலை செய்யும். இசட்-ஷெல்லுக்குச் செய்யாது. இணையதளத்திலும் ஸ்கிரிப்டை ஒட்டிப் பார்க்க ஒரு பெட்டி இருக்கிறது. ஆனால் பாஸ்வேர்டு எழுதிய ஸ்கிரிப்டை அங்கே ஒட்டாதீர்கள். எனக்கு அப்போது பாஸ்வேர்டு ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருந்ததால், அக்கா பையன் முதலில் அதை உட்கார்ந்து தனிக் கோப்புக்கு மாற்ற வைத்தான்.

43 வரி ஸ்கிரிப்ட். முதல் ஓட்டத்தில் 17 எச்சரிக்கை வந்தது.

முதல் எச்சரிக்கை என் முதல் வரியைப் பற்றியது. இந்த ஸ்கிரிப்ட் எந்த ஷெல்லுக்கு என்றே எழுதவில்லை, எழுதினால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்றது. நான் அதைச் சின்ன விஷயம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது: உபுண்டுவில் எஸ்எச் என்று கூப்பிட்டால் வருவது டாஷ், நான் டெர்மினலில் தட்டிப் பார்த்துப் பழகியது பாஷ். கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் மட்டும் ஏன் சில நாள் படுத்துக்கொண்டது என்ற இரண்டு வருடப் புதிர் அந்த ஒரு வரியில் தீர்ந்தது.

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. குறை இருக்கும் வரியை அப்படியே காட்டி, அதற்குக் கீழே தவறான இடத்தில் ஒரு கூர் அடையாளம் வைத்து, பக்கத்தில் எண்ணும் காரணமும் போடும். பல இடங்களில் “இப்படி எழுத நினைத்தீர்களா?” என்று திருத்திய வரியையும் தரும். அந்த எண்ணை வைத்து அதன் விக்கியில் தேடினால் தவறான வடிவம், சரியான வடிவம், ஏன், எப்போது இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று ஒரு பக்கம் விளக்கம் இருக்கும். நான் ஷெல் கற்றுக்கொண்டது உண்மையில் இந்தப் பக்கங்களில்தான். அதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் அங்கங்கே பார்த்து ஒட்டியது.

எனக்கு உடம்பு சிலிர்த்த எச்சரிக்கை 2164. “சிடி தோற்றால் என்ன செய்வது என்று எழுதவில்லையே” என்பதுதான் அதன் சாரம். சிடி என்பது வேறு ஃபோல்டருக்குப் போகும் கட்டளை. என் ஸ்கிரிப்டில் முதலில் வெளி டிஸ்க்கின் ஃபோல்டருக்கு சிடி போட்டேன். கடைசியில், நிற்கும் இடத்திலிருந்து 14 நாளுக்கு மேலான கோப்புகளை எல்லாம் ஃபைண்ட் மூலம் அழித்தேன். டிஸ்க் செருகியிருக்கும்வரை சரி. யாராவது டிஸ்க்கைக் கழற்றியிருந்தால்? அந்த ஃபோல்டரே இருக்காது. சிடி தோற்கும். ஷெல் ஒரு செய்தியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். ஷெல் தன் போக்கில் இருக்கும் இடத்திலேயே இருக்கும். கிரான் வேலையைத் தொடங்குவது என் ஹோம் ஃபோல்டரில். அங்கே 14 நாளுக்கு மேலானவை எல்லாம் அழியும். என் மற்ற எட்டு ஸ்கிரிப்ட், மருந்து கம்பெனிகளின் விலைப் பட்டியல்கள், ஸ்கேன் செய்த லைசென்ஸ் நகல் எல்லாம் அங்கேதான் இருந்தன.

அது ஒருநாளும் நடக்கவில்லை. ராத்திரியில் யாரும் டிஸ்க்கைக் கழற்றாததால் மட்டும்தான் நடக்கவில்லை. நடந்துபோன விபத்துக்காகக் கருவியைத் தேடிப் போனேன், அது நடக்கக் காத்திருந்த வேறொரு விபத்தைக் காட்டியது. திருத்தம் என்னவோ மிகச் சின்னது. சிடி வரிக்குப் பின்னால் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு “எக்ஸிட் 1” என்று சேர்த்தால் போதும். இதில் ஷெல்செக்குக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. ஃபோல்டரை நாமே நிரந்தரமாக உருவாக்கி அதில் டிஸ்க்கை மவுண்ட் செய்யும், அதாவது இணைக்கும், முறையானால், டிஸ்க் இல்லாதபோதும் ஃபோல்டர் இருக்கும், சிடி ஜெயித்துவிடும். அதனால் “மவுண்ட்பாயிண்ட்” கட்டளையால் டிஸ்க் உண்மையில் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும் வரியையும் நான் சேர்த்தேன்.

ஷெல் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குக் கொஞ்ச நாள் கோபமாகக்கூட இருந்தது. பைதானில் பிழை வந்தால் அங்கேயே நின்றுவிடும், யாரும் பிடிக்கவில்லை என்றால் நிரல் முடிந்துவிடும். ஷெல்லில் ஒரு கட்டளை தோற்றால் எக்ஸிட் கோட் என்ற ஓர் எண் மட்டும் மாறும். 0 என்றால் நல்லது, 1 முதல் 255 வரை ஏதோ ஒரு கோளாறு. 127 என்றால் அந்தப் பெயரில் கட்டளையே இல்லை. 126 என்றால் கோப்பு இருக்கிறது, இயக்க முடியவில்லை. 137 என்றால் 128உம் சிக்னல் 9உம் சேர்ந்தது, அதாவது கட்டளையை வலுவில் கொன்றிருக்கிறார்கள். மெமரி தீர்ந்துபோனால் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். அந்த எண்ணைப் பார்ப்பதும் பார்க்காததும் எழுதுபவர் பாடு. யோசித்தால் காரணம் புரிகிறது. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு போர்ன் ஷெல் வந்த காலத்திலிருந்தே அது மனிதர் உட்கார்ந்து தட்டும் இடமும்தான். ஒரு கட்டளையைத் தப்பாகத் தட்டினால் உடனே டெர்மினலே மூடிக்கொண்டால் யார் வேலை செய்வது? தட்டும்போது இருக்கும் அந்தச் சலுகை, ராத்திரி 11.30க்கு யாருமில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்கும் அப்படியே வந்துவிடுகிறது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு குறை வெளியே வந்தது. தன் ஃபோல்டரைக் கண்டுபிடிக்க முடியாதபோது, அதன் பாதையை வைத்திருக்கும் மாறி காலியாகிவிடும். அதற்குப் பின் “இந்த ஃபோல்டருக்குக் கீழே உள்ளதை எல்லாம் அழி” என்ற வரி, “கணினியின் ஆணிவேரிலிருந்து எல்லாவற்றையும் அழி” என்று மாறிவிடும். பயனர் ஒருவரின் சொந்தக் கோப்புகள் எல்லாம் அழிந்து, அவர் அதைப் பொதுவில் பதிவு செய்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 2011இல் பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில் பாதைக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்து, நிரல்கள் எல்லாம் இருக்கும் யூஎஸ்ஆர் ஃபோல்டர் முழுவதையும் அழிக்கச் சொல்லிவிட்டது. முதல் வகைக்கு ஷெல்செக்கில் 2115 என்ற எச்சரிக்கை இருக்கிறது. மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதச் சொல்லும். அப்படி எழுதினால், மாறி காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், அழிக்கும் கட்டளைக்கே போகாது. மாறிகளுக்குள் வரும் இடைவெளிகளுக்கு 2086. மாறிகளை இரட்டை மேற்கோளுக்குள் போடு என்பது. இந்த ஒன்றுதான் என் 17இல் ஒன்பது. “நவம்பர் பில்” என்று நடுவில் இடைவெளியோடு பெயர் வைத்த கோப்பை என் ஸ்கிரிப்ட் “நவம்பர்” என்றும் “பில்” என்றும் இரண்டாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் நேர்மையாக இருக்காது.

எங்களை 11 நாள் உட்கார வைத்த குறையை ஷெல்செக் முதல் ஓட்டத்தில் சொல்லவில்லை.

அந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தது. பைப் வரிக்கு அடுத்த வரியில் நான் டாலர்-கேள்விக்குறி வைத்து “முந்தைய கட்டளை ஜெயித்ததா” என்று பார்த்திருந்தேன். அதற்கு 2181 என்று ஓர் எச்சரிக்கை தந்தது: எண்ணைத் தனியாக எடுத்துப் பார்க்காதே, கட்டளையை நேரடியாக இஃப் என்ற நிபந்தனைக்குள் வை. நல்ல ஆலோசனைதான். ஆனால் அதன்படி நான் மாற்றியிருந்தால் அதே குறை அழகாக எழுதப்பட்டிருக்கும், அவ்வளவுதான். இஃப்புக்குள் வைத்தாலும் பைப்பின் கடைசிக் கட்டளையான ஜி-ஜிப் சொல்வதுதான் செல்லும். எச்சரிக்கை சொன்னதை அப்படியே செய்துவிட்டு, பச்சை வந்துவிட்டது என்று எழுந்துபோகிறவர்களுக்கு இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கான மருந்து பைப்ஃபெயில். பாஷில் “செட் -ஓ பைப்ஃபெயில்” என்று மேலே எழுதிவிட்டால், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்த வரியும் தோற்றதாகக் கணக்கு. ஷெல்களுக்கான பொதுத் தரநிலையான போசிக்ஸின் 2024 பதிப்பும் இதைச் சேர்த்துக்கொண்டது. என் உபுண்டுவின் டாஷ் இதை ஏற்காது, அதனால்தான் முதல் வரியில் பாஷ் என்று எழுதுவது அவசியமாகிறது. ஷெல்செக்கிலும் வழி இருக்கிறது, ஆனால் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. “-ஓ ஆல்” என்று சேர்த்து ஓட்டினால் விருப்பச் சோதனைகள் எல்லாம் இயங்கும். அவற்றில் 2312 என்ற எண், எங்கெல்லாம் ஒரு கட்டளையின் தோல்வி இன்னொரு கட்டளைக்குப் பின்னால் மறைகிறது என்று காட்டும். அப்படி ஓட்டியபோது என் பேக்கப் வரியில் டம்ப்புக்குக் கீழே அந்தக் கூர் அடையாளம் வந்து நின்றது. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், சத்தம் அதிகம். எல்லாம் சேர்த்து ஓட்டியபோது எனக்கு 17 என்பது 41 ஆனது. புதிதாக வருபவர் மிரண்டு ஓடிவிடுவார். ஆனாலும் பேக்கப், சம்பளம், கணக்கு போன்ற வேலைக்கான ஸ்கிரிப்டுக்கு இந்த ஒன்றையாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து “செட் -ஈ”. எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் உடனே நின்றுவிட வேண்டும் என்பதற்கான வரி. இதைக் கேள்விப்பட்டதும் இனி கவலையே இல்லை என்று ஒரே நாளில் ஒன்பது ஸ்கிரிப்டிலும் போட்டேன். மறுநாள் காலையில் இரண்டு படுத்திருந்தன. ஒன்று காலாவதிப் பட்டியல். பட்டியலில் கிரெப் வைத்துத் தேடும் வரி ஒன்று. கிரெப் எதையும் கண்டுபிடிக்காவிட்டால் 1 தரும். உண்மையான கோளாறு என்றால் 2 தரும். அன்றைக்குக் காலாவதி ஆகும் மருந்து ஒன்றும் இல்லை. நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. இன்னொன்றில் எண்ணிக்கையைக் கூட்டும் வரி. இரட்டை அடைப்புக்குறிக்குள் மாறிக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டு எழுதுவோமே, அது. மாறி 0 ஆக இருக்கும்போது அந்தக் கணக்கின் விடை 0, விடை 0 என்றால் ஷெல்லுக்கு அது தோல்வி. முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. இந்த இரண்டையும் ஷெல்செக் எனக்குச் சொல்லவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது. பேக்கப் வேலை முழுவதையும் ஒரு ஃபங்ஷனாக, அதாவது பெயர் வைத்துக் கூப்பிடும் கட்டளைத் தொகுப்பாக, எழுதி, அதை இஃப்புக்குள் கூப்பிட்டேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் இஃப்புக்குள் கூப்பிடும்போது அந்த ஃபங்ஷனுக்குள்ளே செட் -ஈ வேலை செய்யாது. உள்ளே மூன்றாம் வரி தோற்றாலும் நான்காம் வரிக்குப் போகும். இதற்கு 2310 என்ற விருப்பச் சோதனை இருக்கிறது, எனக்கு அது பிடித்துக் கொடுத்தது. இன்னொன்று, ஃபங்ஷனுக்குள் “லோக்கல்” என்று அறிவித்துக்கொண்டே அதே வரியில் ஒரு கட்டளையின் விடையை மாறியில் வாங்குவது. கட்டளை தோற்றாலும் லோக்கல் ஜெயித்துவிடும், தோல்வி காணாமல் போகும். அறிவிப்பை ஒரு வரியிலும் வாங்குவதை அடுத்த வரியிலும் எழுதச் சொல்லும் 2155 இயல்பாகவே இயங்குகிறது. ஷெல்செக் தரும் எச்சரிக்கைகளிலேயே நான் ஒருநாளும் அலட்சியப்படுத்தாதது இதுதான்.

கிரெப் விஷயத்தில் இப்போது நான் செய்வது: அது தரும் எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு, 0உம் 1உம் சரி, 2 என்றால் நின்றுவிடு என்று எழுதுகிறேன். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்குக்கும் அப்படித்தான். அது 24 தந்தால், நகல் எடுக்கும் நேரத்தில் சில கோப்புகள் இடத்தை விட்டுப் போய்விட்டன என்று பொருள். ஸ்கேன் ஃபோல்டரில் அது சகஜம், விட்டுவிடலாம். 23 தந்தால் சிலவற்றை எடுக்கவே முடியவில்லை என்று பொருள், உடனே பார்க்க வேண்டும். எந்தத் தோல்வி தோல்வி, எது வெறும் தகவல் என்பதை எந்தக் கருவியாலும் நமக்காக முடிவு செய்ய முடியாது. காலாவதி மருந்து இல்லாத நாள் நல்ல நாள் என்பது கடையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

டிராப் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்னல் 9 வந்து வலுவில் கொல்லப்பட்டால் தவிர, ஸ்கிரிப்ட் ஒழுங்காக முடிந்தாலும் நடுவில் செத்தாலும், கடைசியில் ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகச் சொல்லும் வசதி அது. தற்காலிகக் கோப்புகளை அழிக்க “எக்ஸிட்” டிராப் வைத்திருக்கிறேன். தோற்ற வரியின் எண்ணையும் எக்ஸிட் கோடையும் மெயிலில் அனுப்ப “எர்” டிராப். முதலில் டிராப்பை இரட்டை மேற்கோளில் எழுதியிருந்தேன். ஷெல்செக் 2064 என்று சொல்லி ஒற்றை மேற்கோளாக்கச் சொன்னது. இரட்டை என்றால் டிராப் வைக்கும் நேரத்திலேயே மாறிகளின் மதிப்பு பதிந்துவிடும், விபத்து நடக்கும் நேரத்து மதிப்பு வராது. அதை மாற்றாமல் இருந்திருந்தால் எந்த வரி தோற்றாலும் எனக்கு டிராப் வைத்த வரியின் எண்ணே மெயிலில் வந்துகொண்டிருக்கும். எர் டிராப் ஃபங்ஷனுக்குள்ளும் வேலை செய்ய “செட் -பெரிய ஈ” தனியாகப் போட வேண்டும். இதை நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

குறைகளும் இருக்கின்றன. எல்லாச் செய்தியும் ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கமான ஆங்கிலத்தில். “குளாபிங்”, “வேர்டு ஸ்பிளிட்டிங்” என்ற சொற்களை முதல்முறை படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. விக்கிப் பக்கம் உதவும், அதுவும் ஆங்கிலம்தான். எங்கள் அலுவலகத்தில் இன்னொருவருக்கு இதைக் கற்றுத்தர வேண்டும் என்பதால், நான் அடிக்கடி சந்தித்த 12 எண்ணுக்குத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது முழுவதையும் தமிழில் எழுதினால் பெரிய உபகாரம்.

பொது ஃபங்ஷன்களைத் தனிக் கோப்பில் வைத்து மற்ற ஸ்கிரிப்டுகளில் சேர்த்துக்கொண்டால், அந்தக் கோப்புக்குள் அது தானாகப் போய்ப் பார்க்காது. “-எக்ஸ்” சேர்க்க வேண்டும். எல்லா எச்சரிக்கைக்கும் ஒரே கனம் கிடையாது, பிழை, எச்சரிக்கை, தகவல், நடை என்று நான்கு படி உண்டு. முதல் நாள் “-பெரிய எஸ் வார்னிங்” என்று போட்டு மேல் இரண்டு படியை மட்டும் பார்த்தால் தலை சுற்றாது. ஆனால் 2086 தகவல் படியில் இருக்கிறது, ஆகவே இரண்டாம் நாள் அதையும் திறந்துவிடுங்கள். ஏதாவது ஓர் எச்சரிக்கை நமக்குப் பொருந்தாவிட்டால் அந்த வரிக்கு மேல் ஒரு குறிப்பு எழுதி அணைக்கலாம். நான் அணைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று தமிழில் ஒரு வரி எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எனக்கே அது தேவைப்படுகிறது.

ஷெல்செக் தன் பங்குக்கு எக்ஸிட் கோடை ஒழுங்காகத் தருகிறது. குறையே இல்லை என்றால் 0, குறை இருந்தால் 1, கோப்பையே படிக்க முடியாவிட்டால் 2. அதை வைத்து, ஸ்கிரிப்டுகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் ஒரு சின்னத் தடுப்பு வைத்திருக்கிறேன். குறை இருக்கும் ஸ்கிரிப்டை நானே அவசரத்தில் சேர்க்க நினைத்தாலும் சேராது.

பாஸ்வேர்டு மாறியது, டிஸ்க் நிறைந்தது, நெட் போனது, இதெல்லாம் ஸ்கிரிப்டைப் படித்துப் பார்ப்பதால் தெரிய வராது. அதனால் பேக்கப் ஸ்கிரிப்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். கோப்பின் அளவு 1 எம்பிக்குக் கீழே இருந்தால் தோல்வி. புதுக் கோப்பு நல்லபடியாக வந்த பிறகுதான் பழையதை அழிப்பது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மதியம் ஒரு பழைய லேப்டாப்பில் அந்த வாரத்துக் கோப்பை ஏற்றி, கடைசிப் பில் எண்ணை பில் போடும் அக்காவிடம் கேட்டுச் சரிபார்க்கிறேன்.

யாருக்கு இதைச் சொல்வேன் என்றால், 20 வரி ஸ்கிரிப்ட் ஒன்று வைத்திருப்பவருக்குக்கூட. ஐந்தில் ஐந்து தருவேனா என்றால் நாலரை தருவேன். அந்த அரை, மறைந்துபோகும் தோல்விகளைக் காட்டும் சோதனையை இயல்பாக அணைத்து வைத்திருப்பதற்கு.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி 11.32க்கு மெயில் வந்தது: பேக்கப் தோல்வி, வரி 31, கோட் 1. டிஸ்க் நிறைந்திருந்தது. யாரோ மருந்து கம்பெனியின் விளம்பர வீடியோக்களை அதில் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே உள்ளே போய் அவற்றை வேறு இடத்துக்கு மாற்றி, மறுபடி ஓட்டினேன். 184 எம்பி. கோப்பைத் திறந்து கடைசிப் பில் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.